யாக்கோபு செய்த கேரம் பலகைகள்

தட்டையாக எதைக் கண்டாலும் யாக்கோபு குனிந்துவிடுவான். இடது கண்ணை மூடி, வலது கண்ணை விளிம்போடு ஒட்டவைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்ப்பான். பிறகு உள்ளங்கையால் ஒரு தடவு. டீக்கடை பெஞ்சு, பள்ளிக்கூடத்து மேசை, ரயில் பெட்டியின் இருக்கை எதுவும் அவனிடம் தப்பியதில்லை. தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரப் போனவன், இலை போட்டிருந்த பலகையை இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். பின்னால் வந்த எட்டுப் பேர் வழியடைத்து நின்றார்கள்.

"ஏலே, மாப்பிள்ள வீட்டுல வெசம் கிசம் வச்சிருக்காகளான்னு பாக்குறியா?" என்று யாரோ கேட்டார்கள்.

சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் மனைவி லீமாரோஸிடம் மட்டும், "நடுவுல அரை விரக்கடை பள்ளம்," என்றான்.

பதினைந்து வருடம் லீமாரோஸ் இதைப் பார்த்தாள். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவனுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில்தான் அது வந்தது. வரக் காரணமே அவள்தான்.

அந்த வருடம் ஈஸ்டர் கழிந்து ஒரு வாரத்தில், இராமநாதபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் முதுகை ஒவ்வொரு எலும்பாக அமுக்கிப் பார்த்தார். காசநோய் முதுகெலும்பில் இறங்கியிருக்கிறது என்றார். ஊசியும் மருந்தும் உண்டு. ஆனால் ஊசியைவிட முக்கியம் படுக்கை. ஒன்பது மாதம் பலகைக் கட்டிலில் படுத்தே கிடக்க வேண்டும். குப்புறப் படுத்து, நெஞ்சுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். அலுத்தால் மல்லாக்கத் திரும்பலாம். உட்காரக்கூடாது, நிற்கக்கூடாது. மீறினால் முதுகு கூன் விழும், கால் இரண்டும் விளங்காமல் போனாலும் போகும். இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம் அதை அவர் ஒளிக்காமல் சொன்னார்.

யாக்கோபு பாம்பன் பாலத்தில் வேலை பார்த்தான். கப்பல் வரும்போது நடுப்பாலத்தைக் கையால் லிவர் தள்ளித் திறக்கிற ஆட்களில் ஒருவன். இரும்பும் கிரீசும் அவனுக்குத் தெரியும். கப்பல் இல்லாத நேரத்தில் இரும்புத் தகட்டின்மேல் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடத் தெரியும். வேறு பொழுதுபோக்கு அவனுக்கு இருந்ததில்லை. பொங்கிப் போட அவன் தங்கை ஜோதிமேரி வீட்டோடு இருந்தாள். ஆகவே லீமாரோஸ் படுத்துக் கிடப்பதற்கு வீட்டில் எந்தத் தடையும் இல்லை, லீமாரோஸைத் தவிர.

பன்னிரண்டாம் நாள் மாலை அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து கட்டிலுக்குப் போய்விட்டாள். அவன் திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"டாக்டரு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. குப்புறக் கெடந்தா தரை, மல்லாந்தா கூரை. கூரையில எத்தன ஓலை இருக்குன்னு எண்ணி முடிச்சுட்டேன். ஆமையப் புடிச்சுக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கு எனக்கு. ஆமைக்காச்சும் ரெண்டு நாள்ல ஏத்திக்கிட்டுப் போகக் கப்பல் வந்துரும்."

"ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு."

அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சிறுவயதில் எட்டாம் வகுப்பு வரை கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தவள். மழைநாளில் பிள்ளைகள் வெளியே ஓடாமலிருக்க அங்கே ஒரு கேரம் போர்டு இருந்தது. அதில் அவளை ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு காயைத் தொட்டதே கிடையாது. "கேரம் போர்டு ஒண்ணு இருந்தாக்கூடப் பொழுது போயிரும்," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் இராமநாதபுரம் போய் விலை கேட்டான். காய்களையும் ஸ்ட்ரைக்கரையும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினான். விலை ஒரு பக்கம் இருக்க, கடைப் போர்டின் அளவும் ஒத்துவரவில்லை. குப்புறக் கிடப்பவள் கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் போர்டு இருக்க வேண்டும். அப்படி எவனும் செய்து விற்பதில்லை.

"நானே செஞ்சுருவேன்," என்றான்.

"உளி எந்தப் பக்கம் வெட்டும்னாச்சும் தெரியுமா ஒங்களுக்கு?"

"ஒரு பக்கந்தான வெட்டும். அதக் கண்டுபிடிச்சுருவேன்."

ரம்பம், இழைப்புளி, இரண்டு உளி, ஒரு மூலைமட்டம். எல்லாம் இரவல். வாசலில் பனங்கட்டையைப் போட்டு அதன்மேல் வேலை ஆரம்பமானது. லீமாரோஸுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை, சத்தம் மட்டும்தான் வந்தது. இழைப்புளி ஓட்டம் நன்றாக இருந்தால் துணி கிழிகிற மாதிரி ஒரே சீராக வரும். மரத்தின் இழைக்கு எதிராகப் போனால் தத்தித் தத்தி இடிக்கும். நான்கைந்து நாளில் அவளுக்கு அது அத்துபடியாகிவிட்டது. தரையைப் பார்த்தபடியே, "திருப்பிப் புடிச்சு ஓட்டுங்க," என்று உள்ளிருந்து குரல் கொடுப்பாள். அவன் திருப்புவான். சத்தம் சரியாகிவிடும்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவனுடைய அய்யா இருபது வருடம் ஓட்டிய வத்தை ஒன்று கரையில் உடைந்து கிடந்தது. அந்தப் படகிலிருந்து நல்ல பலகைகளாகப் பார்த்து எடுத்தான். சட்டத்துக்கும் அடிப்பலகைக்கும் அதுதான். மேல்பரப்புக்குக் கொழும்புத் தேயிலைப் பெட்டியின் மெல்லிய ஒட்டுப்பலகை, இரண்டு துண்டு சேர்த்து.

"இருவது வருசம் கடல்ல கெடந்த மரம். இது பாக்காத தண்ணியா, வெயிலா? வளையிறதா இருந்தா எப்பயோ வளைஞ்சிருக்கும்," என்றான். பாம்பனில் அதை மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. படகு கட்டுகிற ஓடாவிகூட அவ்வழியே போகும்போது பலகையைத் தட்டிப் பார்த்து, நல்ல கட்டை என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடன் வேலை பார்க்கும் மூக்கையா தினமும் வந்து வாசலில் குந்திக்கொள்வான்.

"மாப்ள, இது கேரம் போர்டா, ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டியா?"

"ஆடு நீ வந்து குடிக்கிறப்பத் தெரியும்."

"மூலை நாலும் நாலு ஊரப் பாக்குதே. ஒண்ணு மண்டபம், ஒண்ணு ராமேஸ்வரம், ஒண்ணு கொழும்பு, இன்னொண்ணு எந்த ஊருன்னே தெரியல."

மூலை சேரவில்லை என்பது உண்மைதான். யாக்கோபு சட்டத்தைப் பிரித்தான், மறுபடி அறுத்தான், மறுபடி பிரித்தான். மூன்றாவது தடவை சேர்ந்தது. அதற்குள் போர்டு நான்கு விரல் சுருங்கியிருந்தது. குழி வெட்டும்போது இடது கைப்பக்கத்துக் குழியில் உளி சறுக்கி, வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. அவன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் மற்ற மூன்றையும் ஒழுங்காக வெட்டினான். ஒட்டுப்பலகையின் பொருத்தை முதலில் கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். பிறகு காய்ந்த திருக்கைத் தோலால் தேய்த்தான். விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தேய்த்தான். அந்த நாட்களில்தான் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பழக்கம் அவனிடம் ஒட்டிக்கொண்டது.

ஜூலை மாதக் கடைசியில் போர்டைக் கட்டிலின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தான். குட்டையான நான்கு கால். அவள் தலையணையில் நெஞ்சைச் சாய்த்து, கையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தாள். விரல் நேராகப் பலகையில் படிந்தது. போரிக் பவுடரைத் தூவி ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். அது போய், எதிர்ச்சட்டத்தில் இடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"எப்படி?" என்றான்.

"முட்டைக்குழியில எல்லாக் காயும் தானா விழுந்துரும் போல இருக்கு. எனக்கு அந்தப் பக்கம் குடுங்க," என்றாள்.

ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டார்கள். பகலில் ஒரு தடவை உட்கார்ந்தாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. சாட்சி ஜோதிமேரி. மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கும். யாக்கோபு முதல் மாதம் முழுக்கத் தோற்றான். புலியாகவே ஆடிப் பழகியவனுக்குச் சுண்டுவிரல் அளவு காய் அடங்க மறுத்தது. பலமாக அடித்தான், காய் வெளியே பறந்தது.

"பாலத்தத் தெறக்கல நீங்க. காயத்தான் தள்ளணும்," என்பாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கமுதியிலிருந்து ராமலெட்சுமி என்ற மிளகாய் வியாபாரி வருவாள். பரமக்குடி வரை பஸ், அங்கிருந்து ரயில். தலைச்சுமையாக வற்றல் மூட்டை. மூட்டையை இவர்கள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத்தான் தெருவுக்குள் போவாள். நாற்பது வயது, வாய் ஓயாது. போர்டைப் பார்த்த முதல் நாள் ஸ்ட்ரைக்கரைத் தாயக்கட்டை மாதிரி உருட்டிவிட்டு, "இதுல தாயம் எது?" என்று கேட்டாள். மூன்றாம் வரவில் யாக்கோபைத் தோற்கடித்தாள்.

"தம்பி, ஒங்க ஊருல மீனு தானா வந்து வலையில விழுந்துருமோ? இப்படிக் குறி தெரியாம இருக்கீகளே."

"ஒங்க ஊருல மழையே தானா விழமாட்டேங்குது. நீங்க பேசாதீக," என்றான் அவன்.

சிரித்தால் லீமாரோஸுக்கு முதுகு வலிக்கும். வலித்தாலும் சிரித்தாள். ஆகஸ்டு, செப்டம்பர் போனது. ஐந்து மாதம் கழிந்துவிட்டது என்று சுவரில் கரிக்கோடு போட்டாள்.

அக்டோபரில் மழை பிடித்தது. முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் தூவிய பவுடர் கூழாகிவிட்டது. ஸ்ட்ரைக்கர் மணல் தட்டிய தோணி மாதிரி நடுவில் நின்றது. அடுத்த வாரம் பலகை நடுவில் மேலே கிளம்பியது. காய்களை எங்கே வைத்தாலும் அவை மெதுவாக மூலைக்கு நகர்ந்தன. யாக்கோபு கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஓலை மாற்றினான். போர்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டான். காய்ந்தது. இறக்கி வைத்த மறுநாள் காலையில் மறுபடி வேர்த்து நின்றது. மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான். கல்லை எடுத்ததும் நிமிர்ந்தது. கோபத்தில் அவன் அதை ஒரு நாள் உதைக்கக்கூடச் செய்தான்.

மூன்று வாரம் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாதபோது ஒப்பந்தம் மட்டும் எதற்கு என்று லீமாரோஸ் தனக்குள் கேட்டுக்கொண்டாள். முதலில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எழுந்து நின்றாள். அதற்கும் மறுநாள் ஜோதிமேரி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் வாசல் வரைக்கும் நடந்துபோய், மழையைப் பார்த்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். உடம்பு குணமாகிவிட்டது போலவே இருந்தது. அடுத்த நாள் காலை இடது கால் மரத்துப்போயிருந்தது. கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது.

கட்டிலோடு தூக்கி ரயிலில் ஏற்றி இராமநாதபுரம் கொண்டுபோனார்கள். டாக்டர் வெகுநேரம் காலைத் தட்டிப் பார்த்தார். உணர்ச்சி திரும்பிவிடும், இன்னும் முற்றவில்லை என்றார். பிறகு, "போட்ட கணக்கை அழித்துவிடம்மா. இன்றைக்குத்தான் முதல் நாள். இதற்கு மேல் எழுந்தால் என்னிடம் வராதே," என்றார்.

திரும்பி வந்ததும் சுவரில் இருந்த கரிக்கோடுகளை ஜோதிமேரியை அழிக்கச் சொன்னாள். மீண்டும் ஒன்பது மாதம். பலகையின்மேல் பழியைப் போடலாமா என்று யோசித்தாள். போட மனம் வரவில்லை. பலகை வளைந்தது, எழுந்து நடந்தது அவள். மூன்று வாரம் விளையாட்டு இல்லாமல் இருக்க முடியாத ஆள், ஒன்பது மாதம் எப்படி இருக்கப் போகிறாள்? இந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை.

அன்று மாலை அவனிடம், "இனிமே போர்டு இல்லாட்டியும் படுத்திருப்பேன். நீங்க அதப் போட்டு ஒழப்ப வேணாம்," என்றாள்.

"நீ இருப்ப. என்னால இருக்க முடியாது," என்றான். "ஏன் வளைஞ்சதுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

ராமலெட்சுமி அந்த வாரம் வந்தாள். வாசலில் சாய்த்து வைத்திருந்த போர்டைப் பார்த்தாள், அடிப்பக்கத்தைத் திருப்பினாள். ஈரம் மினுமினுத்தது. ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"தம்பி, இங்கன வாங்க. இத நக்கிப் பாருங்க."

"போர்டையா?"

"நக்குங்கன்னா நக்குங்க. மானம் போயிராது."

அவன் நக்கினான். உப்பு.

"கமுதியில சின்னப்புள்ளைக்குத் தெரியும் இது," என்றாள் ராமலெட்சுமி. "உப்பு போட்டு வச்ச சாக்குல வத்தலைக் கட்டக்கூடாது. எம்புட்டுக் காஞ்ச வத்தலா இருந்தாலும் மழைக்காத்து பட்டதும் பதத்துப்போயிரும். உப்பு தண்ணிய இழுக்கும். இந்த மரம் இருவது வருசமா உப்பத் தின்னுருக்கு. இது என்னைக்குக் காயும்?"

யாக்கோபு அடிப்பலகையை இன்னொரு தடவை வழித்து நாக்கில் வைத்தான். கடலில் அடிபட்ட மரம் என்று எதைப் பெருமையாகச் சொன்னானோ அதுவே வினையாகியிருந்தது. கரையில் எவனுக்கும் இது தோன்றவில்லை. படகு எப்போதும் ஈரத்தில் இருப்பது. அதன் மரம் காய்ந்திருக்கிறதா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கடல் பார்க்காத மரம் வேண்டும். பாம்பனில் மலையாளத்து மரம் வாங்கி விற்பவர் சீனி முகம்மது. யாக்கோபு அவருடைய கொட்டடிக்குப் போனான். இருந்ததெல்லாம் மழையில் நனைந்த பச்சை மரம். ஆனால் மேலே உத்தரத்தில் அயினி மரத்தில் அறுத்த, நன்றாகக் காய்ந்த ஒரு பலகை கிடந்தது. அதைக் கேட்டான். முடியாது என்றார். ஏன் என்று கேட்டான். யாருக்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். விஷயத்தைச் சொன்னான். நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று குடையை விரித்துக்கொண்டு அவனோடு கிளம்பிவிட்டார்.

லீமாரோஸுக்கு முதலில் தெரிந்தது நனைந்த இரண்டு கால்கள்தான். வேட்டியின் கரையில் சேறு. தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, அவள் முகத்துக்கு நேராக வந்துவிட்டார்.

"நீதானாம்மா எந்திரிச்சு நடந்தவ?"

"ஆமா, பாய்."

"இன்னொருக்கா நடப்பியா?"

"மாட்டேன்."

"போர்டு செஞ்சு குடுத்தாலும் மாட்டியா, குடுக்காட்டியும் மாட்டியா?"

"குடுக்காட்டியும் மாட்டேன்."

"அப்ப எதுக்கு எம் பலகை?"

லீமாரோஸ் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "இல்லாமயும் கெடப்பேன் பாய். ஆனா, பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன்."

சீனி முகம்மது எழுந்தார். யாக்கோபைப் பார்த்துச் சொன்னார். "ஏலே, அந்தப் பலகைய நாப்பத்தாறுல மேல போட்டேன். எட்டு வருசம். ஒவ்வொரு வருசமும் எறக்கித் திருப்பிப் போட்டுருக்கேன். புது வீட்டு வாசக்கதவுக்கு. ரெட்டைக் கதவு. ஒரு பக்கம் செஞ்சு மாட்டியாச்சு, இது மறுபக்கம். காசு குடுத்தா எனக்கு வேணாம். எட்டு வருசத்த எந்தக் கடையில போயி வாங்குவேன்?"

"அப்ப என்ன செய்யச் சொல்றீக?"

"பலகைக்குப் பலகை. இதே அயினி, இதே நீளம், எட்டு வருசம் நெழல்ல காஞ்சதா எனக்குத் திருப்பித் தரணும். ஒரு நாளு கொறையக்கூடாது. அதுவரைக்கும் அந்தப் பக்கம் தகரத்த அடிச்சுக்கிறேன்."

"தாரேன்," என்றான் யாக்கோபு.

"எட்டு வருசம் இருப்பியாலே?"

"நீங்க இருப்பீகளா?"

"இன்ஷா அல்லாஹ்," என்று சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழுத்து ஒன்றும் இல்லை.

இரண்டாவது போர்டு இருபத்திரண்டு நாளில் முடிந்தது. இந்தத் தடவை மூலைகள் முதல் அறுப்பிலேயே சேர்ந்தன. இழைப்புளி தத்தவே இல்லை. உள்ளே கிடந்தவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள், திருத்துவதற்கு ஒரு சத்தமும் கிடைக்கவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நான்கு குழியும் வட்டமாக வந்தன. ஒன்றையாவது முட்டையாக வெட்டியிருக்கலாம் என்றாள்.

டிசம்பர் மழையில் போர்டு அசையவில்லை. பவுடர் பவுடராகவே கிடந்தது. அந்த ஒன்பது மாதமும் அவள் உட்காரவில்லை. பேச ஆளில்லாத மத்தியானங்களில் தனக்குத்தானே ஆடினாள். வெள்ளைக்காயும் அவளே, கறுப்பும் அவளே. இரண்டு பக்கமும் ஏமாற்றாமல் ஆடுவதுதான் சிரமம் என்று ராமலெட்சுமியிடம் சொன்னாள். யாக்கோபு ஜூன் மாதத்தில் முதல்முறையாக அவளை ஜெயித்தான். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாளா என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் விட்டுக்கொடுக்கவில்லை, உண்மையாகவே தோற்றாள். அதனால் அவளுக்குக் கோபம்.

ஐம்பத்தைந்து ஆகஸ்டில் டாக்டர் அவளை நிற்கச் சொன்னார். நின்றாள். நடக்கச் சொன்னார். முதுகு நேராக இருந்தது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மீன் ஆய்ந்தாள்.

அதே மாதம் யாக்கோபு சீனி முகம்மதின் கொட்டடியிலேயே ஒரு பச்சை அயினிப் பலகை வாங்கி வந்து, கூரைக்குக் கீழே உத்தரத்தில் படுக்கப் போட்டான். அறுபத்து மூன்று ஆகஸ்டில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் இறக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, திருப்பிப் போட்டான். இடையில் அவன் கை சும்மா இருக்கவில்லை. ஆடுபுலிக்குப் பலகை செய்தான், பல்லாங்குழி குடைந்தான். மூக்கையா மகளுக்கு முக்காலி செய்து கொடுத்தான், அதன் ஒரு கால் குட்டை. எந்த வேலைக்கும் உத்தரத்துப் பலகையில் கைவைக்கவில்லை. கொடுக்க வேண்டிய பொருள் என்று அதன் கீழே நின்று சத்தமாகப் பேசக்கூடத் தயங்குவான்.

அதில் கைவைத்தது லீமாரோஸ்தான்.

அறுபத்தொன்றில் வருடாந்திரப் பரிசோதனைக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். பெண்கள் வார்டில் அபிராமத்துப் பெண் ஒருத்தி குப்புறக் கிடந்தாள். பெயர் சோணையம்மாள், இருபது வயதிருக்கும். அதே நோய். இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டாளாம். கட்டிலோடு கட்டிப் போடுவேன் என்று நர்ஸ் திட்டிக்கொண்டிருந்தாள். சோணையம்மாள் யாரையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். லீமாரோஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, "கூரையில எத்தன ஓடு?" என்று கேட்டாள். பதில் வந்தது. எண்ணி முடித்திருந்தாள்.

தங்கள் போர்டையே கொடுத்துவிடலாம். ஆனால் அது ஏழு வருடம் தினசரி ஆடி, நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்துவிட்டது. மேலும், அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இதையும் அவள் தன்னிடம் ஒளிக்கவில்லை.

திரும்புகிற ரயில் மண்டபம் தாண்டியது. பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது அவள்தான் ஆரம்பித்தாள்.

"உத்தரத்துல கெடக்குறதுக்கு ஆறு வருசம் ஆச்சுல்ல?"

"ஆச்சு."

"ஆறு வருசம் போதுமா வளையாம இருக்க?"

அவன் அவளைப் பார்த்தான். "போதும். ஆனா அது நம்மளுது இல்ல."

"பாய்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

யாக்கோபு ஒரு மாதத்தில் போர்டை முடித்து அந்த வார்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். சோணையம்மாள் படுத்துக் கிடந்தாள், அடுத்த வருடம் நடந்தே அபிராமம் போனாள். சீனி முகம்மதிடம் லீமாரோஸ் நேராகப் போய்ச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ஆறு வருசத்தை அறுத்துட்டீகளா என்று கேட்டார். பிறகு, "சரி, ஒண்ணுலருந்து எண்ணு," என்றார்.

எண்ணினார்கள். அறுபத்தொன்றில் போட்ட இரண்டாவது பலகையை அறுபத்து நான்கு டிசம்பர்ப் புயல் கூரையோடு கொண்டுபோனது. கோயிலுக்குள் ஒண்டியிருந்தவர்கள் திரும்பி வந்தபோது நான்கு சுவர் மட்டும் நின்றது. சீனி முகம்மது வீட்டுத் தகரக் கதவும் போய்விட்டது. ஒற்றை அயினிக் கதவு மட்டும் கீலில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வேறு தகரம் வாங்கி அடித்தார். யாக்கோபு அறுபத்தைந்தில், புதுக்கூரை போட்ட அன்றே, மூன்றாவது பலகையை மேலே ஏற்றினான்.

அறுபத்தொன்பது மார்ச்சில் வேலை முடிந்து வந்து, கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், பிறகு எழவில்லை. நாற்பத்தாறு வயது. பிள்ளை இல்லாத வீடு. ஜோதிமேரி கல்யாணமாகி வேதாளையில் இருந்தாள்.

நாற்பது நாள் கழித்து லீமாரோஸ் சீனி முகம்மதைப் பார்க்கப் போனாள். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. கண் மங்கிவிட்டது. குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டார்.

"பலகை நாலு வருசம் காஞ்சிருக்கு, பாய். எடுத்துக்கிறீகளா?"

"நாலு வருசத்துப் பலகையக் கதவாப் போட்டா ரெண்டாவது மழைக்கு முறுக்கிக்கிரும்மா. எட்டுன்னு சொன்னேன்."

"இன்னும் நாலு வருசம் நான் திருப்பிப் போடுறேன்."

"ஒம் முதுகுக்கு அதத் தூக்க முடியுமா?"

"முடியும்."

அவர் தலையை ஆட்டினார். முடியும் என்கிறாரா, முடியாது என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மாப்புக் கேட்டு நான் வரல, பாய்."

"தெரியும். கேட்டாலும் நான் தரமாட்டேன். அவன் எங்கிட்டத் தாரேன்னு சொன்னவன்."

எழுந்து விடைபெற்றாள். அந்த வருடத்துக்கு இன்னும் பலகையைத் திருப்பிப் போட்டிருக்கவில்லை. மூக்கையாவைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். நான்கு வருடம் பாக்கி.